புல்லுக்குப் பச்சை பூசியவர்

பச்சையண்ணன் துப்பினால் எச்சில் பச்சையாக விழும். மூக்கைச் சிந்தினாலும் அப்படித்தான். நகக்கண்ணிலும் காது மடலிலும் கழுத்து மடிப்பிலும் எப்போதும் ஒரு பச்சை ஏறிக் கிடக்கும். கல்லில் தேய்த்தாலும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் அது முழுதாகப் போனதில்லை. அதைப் பார்த்துத் தெருக்காரர்கள் வைத்த பெயர்தான் பச்சையண்ணன். நாளாக ஆகத் தபால்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கதவைத் தட்டினார்.

அவருடைய வேலை என்ன என்று சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். புல்லுக்குச் சாயம் அடிப்பதுதான் அவர் வேலை. ஊருக்கு வெளியே, லாரிப் பட்டறைகளும் மரக்கடைகளும் முடிகிற இடத்தில், ஒரு தனியார் கோல்ஃப் கிளப் இருந்தது. மழை இல்லாத மாதங்களில் அங்கே புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். பச்சையண்ணன் விடியும் நேரத்தில் முதுகில் தொட்டியை மாட்டிக்கொண்டு போய், காய்ந்த புல்லின் மேல் பச்சைச் சாயத்தைப் புகைபோலத் தெளிப்பார். வெயில் ஏறும்போது சாயம் காய்ந்துவிடும். காய்ந்தபின் ஒட்டாது. உறுப்பினர்கள் வரும்போது புல்தரை நேற்றுத்தான் மழை பெய்ததுபோலக் குளுகுளுவென்று கிடக்கும்.

அதற்கு முன்னால் அவர் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர். அந்தக் கிளப்புக்கும் சுவர் வேலைக்காகத்தான் போனார். ஏணியில் நின்றுகொண்டிருந்தவரிடம் மேனேஜர் வந்து, "யோவ், சுவத்துக்கு அடிக்கிறியே, புல்லுக்கு அடிப்பியா?" என்று கேட்டார். ஆள் கிண்டல் செய்கிறார் என்று பச்சையண்ணன் நினைத்தார். "அடிச்சிரலாம் சார், அப்படியே வானத்துக்கும் ரெண்டு கோட்டு நீலம் போட்டு விட்ரவா?" என்றார். மேனேஜர் சிரிக்கவில்லை. மறுநாள் தொட்டியும் குழாயும் வந்து இறங்கின.

சாயம் என்ற சொல்லை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. "புல்லுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்றுதான் மேனேஜர் கேட்பார். "காட்டியாச்சு சார்" என்று பச்சையண்ணன் சொல்வார். விஷயம் வெளியே வராமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உறுப்பினர்கள் யாரும் குனிய மாட்டார்கள். பந்தை வைக்கும் சின்ன ஆணியை மண்ணில் குத்துவதற்கு ஓர் ஆள், குழிக்குள் விழுந்த பந்தை எடுத்துத் துடைத்துக் கொடுப்பதற்கு ஓர் ஆள். நின்ற வாக்கில் அடிப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. குனியாதவர்களுக்குப் புல் எங்கே தெரியப் போகிறது? தூரத்துப் பச்சைதான் தெரியும். அந்தப் பச்சை தன் கையில் இருக்கிறது என்று பச்சையண்ணனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

அவர் வீடு பேட்டரிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழேயிருந்து அமில வாடை படியேறி வரும். அந்த அறையில்தான் அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைத்தார். எல்லாம் வெள்ளைச் சட்டை. தரையின் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு. ஜன்னல் பக்கம் தையல் மிஷினும் வெள்ளைத் துணியும். கதவுப் பக்கம் பச்சையண்ணன்.

"கோட்ட தாண்டினீங்கன்னா கால ஒடிச்சிருவேன். போன வாரம் ஒரு சட்ட காலர்ல உங்க பெருவிரல் அப்படியே பதிஞ்சிருக்கு. அந்தப் பிள்ளையோட அம்மா வந்து, சட்டைக்குப் பாசி புடிச்சிருக்குன்னு கத்திட்டுப் போறா" என்பார் மனைவி.

"நான் எங்க தாண்டினேன்? துணிதான் பறந்து வந்துச்சு."

"ஆமா, துணிக்கு உங்கமேல ஆச."

சாப்பிடும்போதுகூடக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து தட்டைத் தள்ளிவிடுவார். சண்டையெல்லாம் இல்லை. அந்த அறையில் வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியின் தம்பி சாப்பிட வருவார். பச்சையண்ணனுக்கு மச்சினன். அதே கிளப்பில் கேட் வாட்ச்மேன். கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டுச் சாப்பாடுதான் அவருக்கு வாரத்தில் ஒரு நல்ல சாப்பாடு. இருவரும் உட்கார்ந்ததும் ஒரு வழக்கு ஆரம்பமாகும். அது பல வருஷமாக முடியாத வழக்கு.

ஊருக்குள் இன்னொரு கோல்ஃப் கிளப் இருந்தது. பெரியது. பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும், கண்ணாடிக் கட்டடம், வாசலில் ஆள் உயரத்துக்குப் பெயர். இந்தக் கிளப்புக்கோ பெயர்ப் பலகையே கிடையாது. மரக்கடைக்குப் பக்கத்தில் திரும்புகிற ஒரு மண் பாதை, அதன் முடிவில் ஒரு சாம்பல் நிறக் கேட். உள்ளே கட்டடம் பழசு. குளியலறைக் குழாய் ஒழுகும். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி முனகும். இருந்தும், பெரிய கிளப்பில் காலாட்டிக்கொண்டு சேரக்கூடியவர்கள் இங்கே இடம் கிடைக்குமா என்று காத்துக்கிடந்தார்கள். சேர்ந்தவர்கள் அதைப் பற்றிக் காதுக்குள் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள். அப்படி என்ன இருக்கிறது அங்கே? இதுதான் வழக்கு.

"புல்லுடா மாப்ள. வெயில் காலத்துல ஊரே கருகிக் கெடக்கும்போது இங்க மட்டும் பச்ச. பாக்குற கண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?"

"மாமா, உங்க புல்ல பாக்கவா வர்றாங்க? என் கேட்டுக்கு வர்றாங்க. நான் ஒவ்வொரு காரா பாக்கறேன்ல. கேட்டு தொறந்து, திரும்ப மூடுற சத்தம் கேக்கும் பாருங்க, அப்ப அவங்க மூஞ்சியப் பாக்கணும். சட்டையில மொத பட்டன அவுத்துவிட்ட மாதிரி ஆயிடும்."

"நீ புல்ல பாத்திருக்கியா? பாக்காம பேசாத."

மச்சினன் வாயடைத்துப் போகும் இடம் அதுதான். கேட்டில் நிற்பவர்கள் உள்ளே போகக் கூடாது என்பது கிளப்பின் விதி. வெளியாட்களோடு பேசிப் பழகுகிறவன் உள்ளே வந்தால், உள்ளே நடப்பதை வெளியே சொல்வான் என்று ஏதோ கணக்கு. கேட்டுக்கு அப்பால் பாதை ஒரு வேலியைச் சுற்றி வளைந்துவிடும். இத்தனை வருஷம் நின்றும் மச்சினன் அந்தப் புல்தரையை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

"பாத்தாத்தான் தெரியணுமா? உங்க காதுல ஒட்டியிருக்கே, அதான புல்லு" என்று சொல்லிவிட்டு மச்சினன் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார். மிஷினுக்குப் பின்னாலிருந்து அக்கா சிரிப்பார்.

பச்சையண்ணன் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தை விரும்பவில்லை. அங்கே இருக்கிற அசிங்கம் அவருக்குத் தெரிந்ததுபோல யாருக்கும் தெரியாது. சுருட்டைக் கடித்துத் துப்பிய துண்டுகளை அவர்தான் பொறுக்குவார். வராந்தாவில் காலைத் தூக்கி மேஜைமேல் போட்டு நகம் வெட்டுகிற ஒருவர் இருந்தார். அந்த நகங்களையும் இவர்தான் கூட்டுவார். எல்லாவற்றையும்விடக் கடைசிக் குழிக்குப் பக்கத்தில் இருக்கும் புதர்தான் மோசம். கழிவறை வரைக்கும் நடக்கச் சோம்பல்பட்டு, உறுப்பினர்கள் வரிசையாக அந்தப் புதரோரம்தான் ஒதுங்குவார்கள். பெரிய கம்பெனி முதலாளி, ஓய்வுபெற்ற அதிகாரி, எல்லோரும்தான். பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள். அங்கே புல் சாதாரணமாகக் காயாது. மூத்திரம் பட்டு வேரோடு கருகி, மஞ்சளாக, திட்டுத் திட்டாகக் கிடக்கும். வெயிலில் நாற்றம் கண்ணைக் கரிக்கும். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அந்த மஞ்சளின்மேல் பச்சை அடிக்கும்போது அவருக்குக் குமட்டிக்கொண்டு வரும். சில நாள் காலையில் சாப்பிட்டது அப்படியே வெளியே வந்துவிடும். அதன்மேலும் ஒரு தெளிப்பு.

ஆனால் எல்லாம் முடிந்து, தொட்டியை இறக்கி வைத்துவிட்டு மேட்டில் ஏறித் திரும்பிப் பார்ப்பார். சூரியன் அப்போதுதான் எழுந்திருக்கும். பட்டறைச் சத்தம் கேட்காது. அமில வாடை இல்லை. கண் போகிற தூரம் பச்சை. அது தான் அடித்த சாயம்தான் என்று தெரிந்தும் அவருக்கு நெஞ்சு விரியும். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டது அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

அந்த வருஷம் வெயில் கடுமையாக இருந்தபோது தோட்ட மேஸ்திரி ஓய்வுபெற்றுப் போனார். கருவிக் கொட்டகைக்குப் பின்னால் அவர் குடியிருந்த வீடு காலியானது. இரண்டு அறை, தனிக் குளியலறை, முன்னால் சின்னதாக ஒரு புல்தரை. மேனேஜர் பச்சையண்ணனைக் கூப்பிட்டார்.

"புதுசா சில பெரிய மனுஷங்க சேர்ற மாதிரி இருக்காங்க. வர்ற வாரம் பாக்க வர்றாங்க. ஒரு இடத்துலகூட மஞ்சள் தெரியக் கூடாது. அவங்க சேந்துட்டா மேஸ்திரி வேல உனக்கு. வீடும் உனக்கு."

பச்சையண்ணன் வீட்டுக்கு நடக்கவில்லை, பறந்தார். மனைவி மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு எழுந்து, கோட்டைத் தானே தாண்டி வந்து, இந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"ரெண்டு அறையா? நெசமாவா? ஒண்ணுல நான் துணிய வச்சுக்குவேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயும் தைக்கக் கேட்டாங்க, எடமில்லன்னுதான் விட்டேன். கொடி கட்டிக் காயப்போடலாம். புகை படாம, அமிலம் படாம." பிறகு சொன்னார்: "நீங்களும் பெரிய ஆளு மாதிரி எங்க வேணா நடக்கலாம்."

அன்றிலிருந்து பச்சையண்ணனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த வாரம் முழுக்கத் தொட்டியைச் சுமந்தார். தோளில் வார் அறுத்துப் புண்ணானது. யாருக்கும் தெரியாமல் இன்னொரு காரியமும் செய்தார். காலி வீட்டின் முன்னால் புல் செத்துச் சருகாகக் கிடந்தது. மனைவி முதன்முதலாகப் பார்க்க வரும்போது அது கண்ணில் படக் கூடாது என்று, மிச்சமிருந்த சாயத்தை அங்கே நிதானமாக அடித்துவிட்டார். ஓரமெல்லாம் நேர்க்கோடு. கிளப்பில் அவ்வளவு நேர்த்தியாக அவர் அடித்த இடம் வேறில்லை.

விருந்தாளிகள் வரும் நாள் காலையில் மேனேஜர் கடைசிக் குழிப் பக்கம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"யோவ், அந்தப் புதரோரம் மஞ்சளா இளிக்குது. போய் அடி."

"சார், அது ராத்திரி யாரோ மறுபடியும் போயிருக்காங்க. இப்ப அடிச்சா சீக்கிரம் காயாது சார். பனி ஈரம் இன்னும் இருக்கு."

"அவங்க மத்தியானம்தான் வர்றாங்க. அதுக்குள்ள காய்ஞ்சிரும். எனக்கே பாடம் எடுக்காத."

பச்சையண்ணன் அடித்தார். பாதி மஞ்சள் தெரிந்ததால் கொஞ்சம் கனமாகவே அடித்தார். மூக்குத் துணியை அவிழ்த்துக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பும்போதே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. விருந்தாளிக்கு மத்தியானம் வேறு வேலை வந்துவிட்டதாம். காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள்.

வந்தவர் அடுக்குமாடி வீடு கட்டி விற்கிற முதலாளி. தலையிலிருந்து கால்வரை வெள்ளை. கூட அவருடைய மனைவி, தொழில் கூட்டாளி. கிளப் தலைவர் அவர்களைப் பேட்டரி வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசிக் குழியிடம் வண்டி நின்றது. அங்கிருந்து பார்த்தால் குளம், மேடு, பூச்செடி எல்லாம் ஒன்றாகத் தெரியும்.

"இங்கயே ஒரு போட்டோ எடுத்துக்குவோம்" என்றார் முதலாளி. "நின்னா நல்லாருக்காது. எல்லாரும் அப்படியே புல்லுல உக்காருங்க. புல்லுல உக்காந்து எத்தன காலமாச்சு!"

அந்தக் கிளப்பில் யாரும் புல்லில் உட்கார்ந்ததே இல்லை. குனியாதவர்கள் எப்படி உட்காருவார்கள்? அப்படியொன்று நடக்கும் என்று மேனேஜருக்கும் தோன்றவில்லை, பச்சையண்ணனுக்கும் தோன்றவில்லை. அவர்கள் கால் போன இடத்தைப் பார்த்ததும் கொட்டகை வாசலிலிருந்து பச்சையண்ணன் ஓடினார்.

"சார்! அங்க வேணாம் சார்! அந்த எடம் வேணாம்!"

மேனேஜர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பச்சையண்ணன் பாதியிலேயே நின்றார். அதற்குள் முதலாளி புதரோரம், மிகச் சரியாக அந்த இடத்தில், சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி ஒரு பக்கம், கூட்டாளி ஒரு பக்கம். மரியாதைக்குத் தலைவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி உட்கார்ந்தார்.

"ஏதோ வாடை வருதே" என்றார் அந்த அம்மா.

"உரம்மா, உரம். இயற்கை உரம்" என்றார் மேனேஜர்.

அது பொய்யும் இல்லை என்று பச்சையண்ணனுக்குத் தோன்றியது. 

எழுந்தபோது எல்லாம் வெளுத்துவிட்டது. நான்கு பேருக்கும் பின்பக்கம் வட்டமாகப் பச்சை. அந்த அம்மா தரையில் ஊன்றிய கையால் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்க, கன்னத்தில் விரல் விரலாகப் பச்சை. முதலாளியின் வெள்ளைச் செருப்பு இரண்டு கிளிகளைப்போல இருந்தது.  மேனேஜருக்குத்தான் முதலில் வாய் வந்தது.

"இவன்தான் சார்! சொல்லாம கொள்ளாம எதையோ அடிச்சு வச்சிருக்கான். என்னடா பாக்குற, துணி கொண்டா! மண்ணெண்ணெய் கொண்டா! தொட!"

பச்சையண்ணன் கொண்டுவந்தார். மண்டியிட்டார். முதலில் செருப்பு, பிறகு கால்சட்டையின் பின்பக்கம். முதலாளி திரும்பி நின்றுகொண்டு, இடுப்பில் கைவைத்து, குளத்தைப் பார்த்தபடி துடைக்கக் கொடுத்தார். மூத்திரமும் சாயமும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை பச்சையண்ணன் முகத்துக்கு நேரே இருந்தது. வீடு போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. இவர்கள் இப்போது கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள்.

அவர் தலைக்கு மேலே பேச்சு நடந்தது.

"மன்னிக்கணும்" என்றார் தலைவர். "வெயில் காலத்துல இப்படித்தான் கொஞ்சம் பூசுவோம். எங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இந்த வெயில்ல எந்த ஊர்ல புல்லு பச்சையா இருக்கும், சொல்லுங்க?"

துடைத்த கை நின்றது. எல்லோருக்கும் தெரியுமா?

"அட, அத விடுங்க" என்று முதலாளி சிரித்தார். "நான் புல்லு பாக்கவா வந்தேன்? அந்தப் பெரிய கிளப்ப எடுத்துக்கங்க. அங்க என் பல் டாக்டர் இருக்கான். என்கிட்ட வீடு வாங்கினவன் ஒருத்தன் இருக்கான். சுவத்துல ஓதம் ஏறுது, மழத்தண்ணி உள்ள வருதுன்னு ஒவ்வொரு குழியா பின்னாடியே வர்றான். நிம்மதியா ஒரு பந்து அடிக்க முடியல. இங்க போர்டே இல்ல. என் கூடப்பொறந்தவனுக்கே இந்த இடம் தெரியாது. வெளியாளு எவனும் உள்ள வந்துர மாட்டானே?"

"காக்காவே எங்க வாட்ச்மேன கேட்டுட்டுத்தான் பறக்கும்" என்றார் மேனேஜர்.

"அது போதும். புல்ல வேணா செவப்பா அடிங்க." எல்லோரும் சிரித்தார்கள். பிறகு முதலாளி குனியாமல், தோளுக்கு மேலாகக் கீழே பார்த்துக் கேட்டார்: "ஏம்ப்பா, நல்ல கலரா இருக்கே, எங்க கெடைக்குது? விக்காத வீட்டு முன்னாடியெல்லாம் ஒரு தடவ அடிச்சு விட்ரலாம் போலருக்கே."

பச்சையண்ணன் துணியை மறுபடியும் மண்ணெண்ணெயில் நனைத்தார்.    இத்தனை வருஷம் விடியலில் எழுந்து, மூக்கைக் கட்டி, நுரையீரலுக்குள் சாயத்தை இழுத்து, இவர்களுக்காக ஒரு பச்சையைக் காப்பாற்றி வைத்திருந்தார். இவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. பொய் என்று தெரிந்து, பொய்யாகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். இவர்களுக்கு வேண்டியது தங்களால் கெட்டவன் பின்னால் வர முடியாத ஓர் இடம். வேறொன்றும் இல்லை. அதற்குப் புல்லே தேவையில்லை.

அன்றே மூவரும் சேர்ந்துவிட்டார்கள். மேனேஜர் பல்லெல்லாம் தெரியக் கொட்டகைக்கு வந்து, வீட்டுச் சாவியைக் கொடுத்தார். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன் பாத்தியா? வீட்டம்மாவக் கூட்டிட்டு வந்து காட்டு" என்றார். காலையில் 'இவன்தான்' என்று கைகாட்டியது அவருக்கு ஞாபகமே இல்லை.

மறுநாள் மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். கேட்டில் தம்பி அவருக்குப் பெரிய சல்யூட் அடித்தார்.

"அக்கா, கெட்டியா பாத்துட்டு வா. புல்லு எப்படி இருக்குன்னு எனக்கு நீயாவது ஒழுங்கா சொல்லு. மாமா சொல்றத நம்ப முடியாது."

 வழியெல்லாம் மனைவிதான் பேசினார். வீட்டைப் பார்த்ததும் உள்ளே ஓடி, இரண்டு அறையிலும் நின்று பார்த்தார். சுவரைத் தட்டினார், குழாயைத் திறந்து மூடினார், ஜன்னலில் கையை அகட்டி வைத்துத் திரைச்சீலைக்கு அளவெடுத்தார். "மிஷின் இங்க. மேஜை இங்க. கோடே வேணாம்" என்றார். பிறகு வாசலுக்கு வந்து, அந்தச் சின்னப் புல்தரையைப் பார்த்து, "அய்யோ, எவ்வளவு பச்ச!" என்று குனிந்தார்.

 தடுக்கலாம் என்று பச்சையண்ணன் நினைத்தார், கை எழவில்லை.

மனைவி ஒரு புல்லைக் கிள்ளினார். அது பட்டென்று ஒடிந்தது. விரலுக்கிடையில் வைத்து உருட்டினார். தைக்கிறவர் விரல் அது. பொடியாக உதிர்ந்ததும் தெரிந்துவிட்டது. ஒடிந்த இடத்தில் உள்ளே வைக்கோல். அடியில் விலக்கிப் பார்த்தார். மண்ணோரம் எல்லாம் சருகு.

"இதுவும் உங்க வேலையா?"

"ஆமா."

"எனக்குக் காட்டவுமா பூசினீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பூசும்போது அது ஆசை என்றுதான் நினைத்திருந்தார். இப்போது அதில் மேனேஜரின் வாடை அடித்தது. 'புல்லுக்குத் தண்ணி காட்டியாச்சா?'

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். "என்னம்மா, வீடு புடிச்சிருக்கா? ரெண்டு மூணு விஷயம் மட்டும் சொல்லிர்றேன். துணிமணி வெளிய காயப்போடக் கூடாது. மேட்டுல நிக்கறவங்களுக்குத் தெரியும். மிஷின் சத்தமும் மெம்பருங்க இருக்கற நேரம் வேணாம். அப்பறம் சொந்தக்காரங்க யாரும் வரக் கூடாது."

"என் தம்பி இங்கதான் கேட்டுல வேல பாக்கறான். ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து சாப்பிட்டுட்டுப் போவான்."

"கேட்டுல நிக்கட்டும். நல்ல பையன். உள்ள மட்டும் வரக் கூடாது. வேணும்னா தட்ட எடுத்துட்டுப் போய்க் கம்பி வழியா குடுங்க."

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு நல்ல யோசனை சொல்கிற முகத்தோடு சொன்னார்.

மனைவி கையில் இருந்த பொடியைத் தட்டினார். உள்ளங்கையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு கணவனைப் பார்த்து, "சொல்லுங்க. இந்த எடம் புடிச்சது உங்களுக்குத்தான்" என்றார்.

பச்சையண்ணன் மேட்டைப் பார்த்தார். தினமும் நின்று நெஞ்சு விரியப் பார்த்த அதே பச்சைதான். வெயிலில் அது இப்போது ஒரு பெரிய ரணத்தின்மேல் மருந்து அப்பினதுபோல இருந்தது. இந்த ஜன்னலைத் திறந்தால் காலையும் மாலையும் இதுதான் தெரியும். வெறும் அமில வாடை பரவாயில்லை என்று தோன்றியது. அது தன்னைப் பூந்தோட்டம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

சாவியை நீட்டினார். "வேணாம் சார்."

"பைத்தியமாய்யா உனக்கு?"

"வீடு வேணாம் சார்."

மேனேஜர் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி, உன் இஷ்டம். உடைஞ்ச நாற்காலியெல்லாம் போட்டு வைக்க எடமில்லாம இருந்துச்சு. நாளைக்குப் பழைய வேலைக்கு வருவல்ல?"

"வருவேன்" என்றார் பச்சையண்ணன். வேறு வேலை கிடைக்கும் வரை வரத்தான் வேண்டும். சுவர் வேலைக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்த பழைய கூட்டாளியின் முகம் மனசுக்குள் வந்து போனது. அதை மேனேஜரிடம் சொல்லவில்லை.

கேட்டில் மச்சினன் ஆவலோடு நின்றார். அக்கா முகத்தைப் பார்த்ததும் சல்யூட் அடிக்கத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார்.

"என்னக்கா, வீடு?"

"வேணாம்னு வந்துட்டோம்டா. ஞாயித்துக்கிழமை எப்பவும் போல வந்துரு. மாமா கோட்டுக்கு அந்தப் பக்கம், நீயும் அந்தப் பக்கம்."

பச்சையண்ணன் நடந்ததையெல்லாம் சொன்னார். போட்டோவும் புதரும் வந்தபோது மச்சினன், "அந்த எடத்துலயா? தலைவருமா?" என்று கேட்டு, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தலைக்கு மேலே கேட்ட பேச்சையும் பச்சையண்ணன் ஒரு சொல் விடாமல் சொன்னார். மச்சினன் சிரிப்பு அடங்கியது.

"வழக்குல நீதான் ஜெயிச்ச மாப்ள. உன் கேட்டுதான். புல்லு இல்ல."

இத்தனை வருஷம் காத்திருந்து ஜெயித்த வழக்கு. மச்சினனுக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. கேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மாமாவின் காது மடலைப் பார்த்தார்.

"அப்ப நீங்க இவ்வளவு காலம் யாருக்கு மாமா அடிச்சீங்க?"

பச்சையண்ணன் பதிலுக்காகத் தொண்டையைச் செருமினார்.  கோழைதான் வந்தது. திரும்பித் துப்பினார். கேட்டுக்கு வெளியே, வெள்ளைப் புழுதியில், அது கெட்டிப் பச்சையாக விழுந்தது.

மண் பாதையின் முனையில் கார் ஹாரன் கேட்டது. புது உறுப்பினரின் வெள்ளைக் கார். மச்சினன் பழக்கத்தில் ஓடிவந்து, அந்த எச்சிலைத் தேய்க்கப் பூட்ஸ் காலைத் தூக்கினார்.

"தேய்க்காத மாப்ள" என்றார் பச்சையண்ணன். "இருக்கட்டும். அது ஒண்ணுதான் இங்க பூசாம வந்த பச்ச."

மச்சினன் காலைத் தள்ளி வைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தார். கார் அதன்மேல் ஏறி உள்ளே போனது. கேட் மூடுகிற சத்தம் கேட்டது. கம்பி வழியே பார்த்தால், வேலியோரம் வளைந்த காரின் கண்ணாடிக்குப் பின்னால் அந்த முகத்தில், மச்சினன் சொல்வாரே, முதல் பட்டனை அவிழ்த்துவிட்டதுபோல ஒரு நிம்மதி. இந்த முறை அதைப் பச்சையண்ணனும் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு முறை துப்பினார்.